அசுரர் உருவப் பொம்மைகள்

அசுரர் உருவப் பொம்மைகள் என்பவை புராண, இதிகாசக் கதைகளில் எதிர்த்தரப்பில் நிற்கும் பாத்திரங்களின் உருவங்கள் ஆகும். மகிஷாசுரன், சூரபத்மன், இராவணன், கும்பகர்ணன், இரணியன் முதலியோர் இவற்றில் அடங்குவர். திருநெல்வேலியிலும் தாமிரபரணி பாயும் வட்டாரத்திலும் இவ்வுருவங்கள் மூன்று இடங்களில் காணப்படுகின்றன. வீட்டுக் கொலுவில் மண்பொம்மையாகவும், கோயில் விழாவில் தலை மாற்றக்கூடிய சூரன் உருவமாகவும், தோல்பாவைக் கூத்தில் ஓவியம் தீட்டிய தோலாகவும் இவை உள்ளன.

கற்பனைத் திரைப்படங்களில் வரும் வில்லன்களின் நுணுக்கமான உருவங்களை வாங்கிச் சேர்ப்பது இன்று உலகெங்கும் உள்ள பொழுதுபோக்கு. தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலரும் அவற்றைச் சேர்க்கின்றனர். எதிரியின் உருவத்தைப் பாதுகாத்து வைக்கும் பழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. கொலு வைக்கும் வீடுகளும் கோயில்களும் கூத்துக் குடும்பங்களும் அதை நெடுநாளாகச் செய்துவருகின்றன.

உருவங்களின் மூன்று முடிவுகள்

விழாவுக்காகச் செய்யப்படும் உருவங்களுக்கு மூன்று வகையான முடிவுகள் உண்டு. முதலாவது கரைப்பது. விநாயகர் சதுர்த்திக்குச் செய்த களிமண் பிள்ளையார் பூசை முடிந்ததும் ஆற்றிலோ குளத்திலோ கரைக்கப்படுகிறார். இரண்டாவது எரிப்பது. வட இந்தியாவில் விஜயதசமி அன்று இராவணன், கும்பகர்ணன், மேகநாதன் ஆகியோரின் பெரிய உருவங்களை மூங்கிலாலும் காகிதத்தாலும் செய்து, உள்ளே பட்டாசு வைத்து எரிக்கின்றனர். மூன்றாவது எடுத்து வைப்பது. கொலுப் பொம்மையும் கோயில் சூரனும் தோல்பாவையும் இவ்வகையைச் சேர்ந்தவை.

மூன்றாம் வகையில் எதிரி ஆண்டுதோறும் தோற்கிறான். ஆனால் அவன் உருவம் அழிக்கப்படுவதில்லை. துடைத்து, பழுது பார்த்து, அடுத்த ஆண்டுக்காக வைக்கப்படுகிறது. கதையிலும் இதற்கு இணையான கருத்து உண்டு. கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் சூரபத்மன் கடைசியில் மாமரமாக நிற்கிறான். வேல் அதைப் பிளக்க, இரு கூறுகளும் சேவலும் மயிலுமாக வருகின்றன. சேவல் முருகனின் கொடியாகவும் மயில் அவன் ஊர்தியாகவும் ஆகின்றன. எதிரி ஒழிக்கப்படவில்லை, இடம் மாற்றப்படுகிறான். சிவன் கோயில்கள் சிலவற்றில் இராவணன் கயிலாயத்தைத் தாங்கி நிற்கும் வாகனம் இருப்பதும் இதே போன்றது.

கொலுவில் அசுரர்

புரட்டாசி மாத வளர்பிறையில் வரும் நவராத்திரியின் ஒன்பது இரவுகளும் கொலு வைக்கப்படுகிறது. படிகள் 3, 5, 7, 9 என ஒற்றைப்படை எண்ணிக்கையில் அமையும். மேல்படியில் கலசமும் தெய்வ உருவங்களும், கீழே மகான்கள், மனிதர்கள், கடைச்செட்டியார் போன்ற பொம்மைகளும், கடைசிப் படிகளில் விலங்கு, பறவை முதலியனவும் வைப்பது பொதுவான வழக்கம். வீட்டுக்கு வீடு வரிசை மாறும். மரப்பாச்சிப் பொம்மைகளுக்குத் தனி இடம் உண்டு. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்கள் கீழ்ப்படியிலோ பக்கத்திலோ பரப்பப்படும்.

கொலு ஒரு முறையான சேகரிப்பு. ஆண்டுக்கு ஒரு புதுப்பொம்மையாவது வாங்க வேண்டும் என்பது பல வீடுகளில் கடைப்பிடிக்கப்படும் வழக்கம். இதனால் ஒரு கொலுவைப் பார்த்தே அந்த வீட்டின் காலக்கணக்கை ஓரளவு அறியலாம். பாட்டி சீதனமாகக் கொண்டுவந்த மரப்பாச்சி, தாய் வாங்கிய தசாவதார செட், பேரன் பிடிவாதம் பிடித்து வாங்கிய கிரிக்கெட் செட் எல்லாம் அடுத்தடுத்து நிற்கும்.

நவராத்திரியின் அடிப்படைக் கதையே தேவி மகிஷாசுரனை வென்றது என்பதால் கொலுவில் அசுரனுக்கு இடம் இல்லாமல் போகாது. பெரும்பாலும் காணப்படும் அசுரர் உருவங்கள் வருமாறு:

மகிஷாசுரமர்த்தினி: எருமைத் தலையுடனோ எருமை உடலிலிருந்து வெளிப்படும் மனித உருவிலோ மகிஷன் தேவியின் காலடியில் இருப்பான்.

நரசிம்மர்: மடியில் கிடத்தப்பட்ட இரணியன், அருகில் கைகூப்பி நிற்கும் பிரகலாதன். தசாவதார செட்டில் இது கட்டாயம் இருக்கும்.

கும்பகர்ணன்: படுத்திருக்கும் பேருருவத்தைச் சுற்றிச் சிறு வீரர்கள், முரசு அறைவோர், யானைகள், சோற்றுக் குவியல்கள். குழந்தைகள் அதிக நேரம் நின்று பார்க்கும் செட்களில் இது ஒன்று.

சூரசம்ஹாரம்: வேலேந்திய முருகன், எதிரே சூரன், நடுவில் மாமரம்.

காளிங்கன், பூதனை, பகாசுரன்: கிருஷ்ண லீலை செட்டின் பகுதிகள்.

இவற்றில் ஒரு பொது விதியைக் காணலாம். கொலுவில் அசுரன் பெரும்பாலும் தனியே நிற்பதில்லை. தேவியுடனோ முருகனுடனோ கண்ணனுடனோ ஒரே செட்டாக வருகிறான். கும்பகர்ணன் மட்டும் விதிவிலக்கு. அவனைச் சுற்றி இருப்பது போரன்று, எழுப்பும் முயற்சி. அதனால் அந்த செட்டில் அச்சத்தைவிடச் சிரிப்பே மிகுதி.

விஜயதசமி இரவு ஏதேனும் ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை முடிப்பார்கள். மறுநாள் எல்லாப் பொம்மைகளும் பழைய வேட்டித் துணியில் சுற்றப்பட்டுப் பெட்டிக்குள் போகும். தேவியும் மகிஷனும் ஒரே துணிக்குள் ஓர் ஆண்டு உறங்குவர்.

செய்முறை

தாமிரபரணிக் கரையில் மண்தொழில் மிகப் பழமையானது. ஆதிச்சநல்லூரில் கிடைத்த முதுமக்கள் தாழிகள் அதற்குச் சான்று. இன்று சேரன்மகாதேவியை அடுத்த காருகுறிச்சி, மண்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். கொலுப் பொம்மைகளோ மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரி, பண்ருட்டி, காஞ்சிபுரம் முதலிய இடங்களிலிருந்தும் நெல்லைக் கடைகளுக்கு வருகின்றன.

களிமண் பொம்மைக்குக் குளத்து மண்ணைச் சலித்து, ஊறவைத்து, மிதித்துப் பதப்படுத்துவர். முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சுகளில் மண்ணைத் தட்டி, இரண்டையும் களிமண் குழம்பால் ஒட்டுவர். உள்ளே வெற்றிடம் இருக்கும். நிழலில் உலர்த்திய பின் சூளையில் சுடுவர். சுட்ட பொம்மைக்கு வெள்ளை அடிப்பூச்சு கொடுத்து, அதன்மேல் வண்ணம் தீட்டி, இறுதியில் கண் திறப்பர். காகிதக்கூழ் பொம்மைகளுக்குச் சூளை தேவையில்லை. அவை எடை குறைந்தவை, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாதவை.

அசுரர் பொம்மை செய்வதில் தனிச் சிரமங்கள் உண்டு. இரண்டு கை உள்ள உருவம் ஓர் இணை அச்சில் முடிந்துவிடும். இராவணனின் கூடுதல் தலைகளையும் கைகளையும் தனித்தனியே வார்த்து ஒட்ட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி உலரும்போது விரிசல் விடும், சூளையில் முறியும், பயணத்தில் உடையும். ஆகவே பழைய மண்பொம்மைகளில் ஆயுதம் உடலோடு ஒட்டியும், தலைகள் ஒரே தட்டையான வரிசையாகவும் அமைந்திருப்பதைக் காணலாம். கோரைப்பல், உருண்ட கண், முறுக்கிய மீசை, அடர்ந்த உடல்நிறம் ஆகியவற்றைக் கொண்டே அசுரன் என்று அடையாளம் காட்டினர். வண்ணக்காரரின் தூரிகைக்கு இங்கே வேலை அதிகம்.

தலை மாறும் சூரன்

ஐப்பசி மாதக் கந்தசஷ்டியின் ஆறாம் நாளில் முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் நடைபெறும். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்குத் தெற்கே உள்ள திருச்செந்தூரில் இது கடற்கரையிலேயே நிகழ்கிறது. 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த திருச்செந்தூர், இப்போது தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது.

கடற்கரைக்கு எழுந்தருளும் ஜெயந்திநாதரை எதிர்த்து முதலில் யானைமுகத் தாரகன் வருவான். வேல் பட்டதும் அந்தத் தலை எடுக்கப்படும். அதே உடலில் சிங்கமுகம் பொருத்தப்படும். அடுத்து சூரபத்மனின் சொந்த முகம் வரும். கடைசியில் மாமர உருவம். ஒவ்வொரு முறையும் சூரன் சுவாமியை வலம் வந்து போருக்கு நிற்பான். தோளில் சுமப்பவர்கள் உருவத்தை ஆட்டி, முன்னும் பின்னும் கொண்டுசென்று அவனுக்கு உயிர் கொடுப்பர்.

ஓர் உடல், பல தலை என்ற இந்த ஏற்பாடு பொருட்செலவையும் ஆட்களையும் குறைக்கிறது. மாயத்தால் உருமாறும் எதிரி என்ற கதைக்கும் பொருந்துகிறது. கந்தபுராணத்தில் சிங்கமுகனுக்கு ஆயிரம் தலை, இரண்டாயிரம் கை. விழா உருவத்தில் ஒரே சிங்கத் தலைதான். கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பவரும் பார்த்தவுடன் அறிய வேண்டும் என்பதே இங்கே அளவுகோல்.

தேவி கோயில்களிலும் இம்முறை உண்டு. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவில் பத்தாம் நாள் நள்ளிரவில் கடற்கரையில் மகிஷாசுரன் சம்ஹாரம் நடைபெறும். மகிஷன் தன் முகம், சிங்கமுகம், எருமைமுகம், சேவல் உருவம் என மாறி மாறி வருவான். பாளையங்கோட்டை தசராவில் பல கோயில்களின் அம்மன் சப்பரங்கள் ஒன்றுகூடும். அங்கு சம்ஹாரம் நடக்கும் திடலுக்கே எருமைக்கிடா மைதானம் என்று பெயர். ஓர் எதிரியின் பெயரால் ஓர் ஊர்த்திடல் வழங்குவது குறிப்பிடத்தக்கது.

விழா முடிந்ததும் தலைகள் கழற்றப்பட்டுக் கோயிலில் வைக்கப்படும். அடுத்த விழாவுக்கு முன் தேவைப்பட்டால் வண்ணம் புதுப்பிக்கப்படும்.

தோல்பாவையில் அரக்கர்

தோல்பாவைக் கூத்து தென் மாவட்டங்களில் மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட கணிகர் சமூகத்தின் மண்டிகர் பிரிவினரால் நிகழ்த்தப்பட்டு வருகிறது. குமரி, நெல்லை மாவட்டக் கிராமங்களில் இக்குழுக்கள் ஊர் ஊராகச் சென்று ஆடின. இராமாயணக் கூத்து நடத்தினால் மழை பெய்யும் என்ற நம்பிக்கை உண்டு.

ஆட்டுத்தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, இழுத்துக் கட்டி உலர்த்துவர். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்த தோலில் உருவம் வரைந்து, சிறு உளிகளால் துளையிட்டு, இருபுறமும் வண்ணம் தீட்டுவர். மூங்கில் பிளாச்சு முதுகெலும்பாக நிற்கும். கை, கால்கள் நூலால் இணைக்கப்பட்டு அசையும். பின்னாலிருந்து விளக்கொளி பட்டால் துளைகள் நகைகளாக மின்னும்.

இராவணன், இந்திரஜித், கும்பகர்ணன், சூர்ப்பணகை, மயில்ராவணன் ஆகியோர் இக்கூத்தின் முக்கிய எதிர்ப்பாத்திரங்கள். முக்கியப் பாத்திரம் ஒன்றுக்கு ஒரு பாவை மட்டும் போதாது. சபையில் அமர்ந்திருக்கும் இராவணனுக்கு ஒன்று, போர்க்கள இராவணனுக்கு ஒன்று என வேறு வேறு பாவைகள் வேண்டும். இவை அனைத்துக்கும் குரல் கொடுப்பவர் ஒருவரே. இராமனின் அமைதிக்கும் இராவணனின் உறுமலுக்கும் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் ஆகியோரின் கேலிக்கும் அவரே தொண்டையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

இப்பாவைகள் அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் இடம்பெறுகின்றன. ஆந்திரத்தில் தோல்பாவைக் கலைஞர்கள் பிழைப்புக்காக விளக்குக் கூடுகளும் சுவர் அலங்காரங்களும் செய்கின்றனர். பாவை கண்ணாடிப் பேழைக்குள் சென்றால் தோல் பாதுகாக்கப்படும். ஆனால் அதன் குரலும் அசைவும் கலைஞரிடமே இருக்கின்றன. அவர் குடும்பத்தில் அடுத்து ஆடுபவர் இல்லையென்றால் அவை மறைந்துவிடும்.

திரைப்பட வில்லன் உருவங்கள்

அசையும் மூட்டுகள் உள்ள உருவப் பொம்மைகளை 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று விற்கும் வழக்கம் அமெரிக்காவில் ஹாஸ்புரோ நிறுவனம் 1964இல் வெளியிட்ட 'ஜி.ஐ. ஜோ' படைவீரர் பொம்மையோடு தொடங்கியது. ஆண் குழந்தைகள் 'பொம்மை' என்ற சொல்லை ஏற்க மாட்டார்கள் என்று கருதியே இப்புதுப்பெயர் சூட்டப்பட்டது. 1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் பாத்திரங்களைக் கென்னர் நிறுவனம் 1978 முதல் சுமார் 9.5 செ.மீ. உயர உருவங்களாக விற்றது. அவற்றில் கறுப்பு முகமூடி அணிந்த டார்த் வேடர் பெரும்புகழ் பெற்றான். 2001 முதல் வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படவரிசைக்குப் பின் மாயக் கற்பனைப் படங்களின் அரக்கர்களும் மந்திரவாதிகளும் ஏராளமான உருவங்களாக வந்தனர்.

சேகரிப்பாளர்கள் உருவங்களை அளவு விகிதத்தால் வகைப்படுத்துவர். 1:12 விகிதம் ஏறத்தாழ 15 செ.மீ. உயரம், 1:6 விகிதம் ஏறத்தாழ 30 செ.மீ. உயரம். ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் போன்ற நிறுவனங்கள் 1:6 அளவில் நடிகரின் முகச் சுருக்கம், தோல்நிறம், உடையின் நெசவு வரை பிரதி செய்கின்றன. பல உருவங்களுக்கு மாற்றுத் தலையும் மாற்றுக் கைகளும் உடன் வரும். திருச்செந்தூர்ச் சூரனைக் கண்டவர்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது.

தமிழ்நாட்டுக்கும் இத்தொழிலில் பங்கு உண்டு. எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் நிறுவனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய இந்நிறுவனத்துக்குக் கோவாவிலும் ராணிப்பேட்டையிலும் ஆலைகள் உள்ளன. இந்தியாவுக்கென அது தயாரித்த ஜி.ஐ. ஜோ உருவங்களின் வண்ணங்கள் அமெரிக்கப் பதிப்பிலிருந்து வேறுபட்டிருந்தன. அதனாலேயே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடி வாங்குகின்றனர்.

இறக்குமதிப் பொம்மைகள் விலை உயர்ந்தவை. அவற்றின் மீதான அடிப்படைச் சுங்கவரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியத் தர நிர்ணய முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு.

தமிழ்த் திரையிலும் மாயக்கதை வில்லன்கள் இருந்தனர். 1951இல் வந்த 'பாதாள பைரவி'யில் எஸ்.வி. ரங்காராவ் ஏற்ற மந்திரவாதி வேடம் அதற்கு எடுத்துக்காட்டு. பி.எஸ். வீரப்பா, எம்.என். நம்பியார் ஆகியோரின் முகங்கள் சுவரொட்டிகளில் நிலைத்தன. கடையில் வாங்கும் உருவங்களாக அவை வளரவில்லை.

ஒப்பீடு

இரு மரபுகளிலும் எதிரியின் உருவமே செய்பவருக்கு அதிக வேலை தருகிறது. நாயகன் அழகாக இருந்தால் போதும். எதிரிக்கு முகமூடி, கொம்பு, கவசம், கூடுதல் தலை எல்லாம் வேண்டும். பார்ப்பவரின் கண்ணும் முதலில் அங்கேதான் செல்கிறது.

வேறுபாடு இருப்பது சூழலில். திரைப்பட வில்லன் தனியாகவே வாங்கப்பட்டு, தனியாகவே அலமாரியில் நிற்கிறான். பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தால் மறுவிலை கூடும் என்பதால் சிலர் அவனை வெளியே எடுப்பதே இல்லை. கொலு அசுரன் ஆண்டுதோறும் வெளியே வந்தே ஆக வேண்டும். அவனைப் பார்க்க வரும் குழந்தை, "இது யாரு?" என்று கேட்கும். வீட்டுப் பெரியவர் கதை சொல்லியாக வேண்டும். கொலுப் பொம்மையின் மதிப்பு அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

பராமரிப்பு

மண்பொம்மையைத் தண்ணீரால் கழுவக் கூடாது. மெல்லிய தூரிகையாலோ உலர்ந்த பருத்தித் துணியாலோ தூசி தட்ட வேண்டும். நீட்டிய கைகளையும் ஆயுதங்களையும் முதலில் தனியே துணியால் சுற்றிய பின்னரே முழு உருவத்தைச் சுற்ற வேண்டும். தலையையோ கையையோ பிடித்துத் தூக்காமல் அடிப்பகுதியைத் தாங்கி எடுக்க வேண்டும். காகிதக்கூழ், மரப் பொம்மைகளுக்கு ஈரமும் பூச்சியும் பகை. பெட்டியில் உலர்ந்த வேப்பிலையோ வசம்போ இடுவது வழக்கம். பிளாஸ்டிக் உருவங்களை நேர் வெயிலிலும் வெப்பம் மிகுந்த பரணிலும் வைத்தால் நிறம் மங்கும், மூட்டு தளரும், மேற்பரப்பு பிசுபிசுக்கும். நெல்லையின் கோடை வெயிலில் இது விரைவில் நேரும்.

இன்றைய நிலை

மண்பொம்மைத் தொழிலுக்கு மண், அச்சு, ஆள் ஆகிய மூன்றும் வேண்டும். குளத்து வண்டல் மண்ணை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியுடன் கட்டணமின்றி எடுக்கத் தமிழ்நாடு அரசு 2024இல் வழிசெய்தது. அச்சுகளின் நிலை வேறு. வழக்கொழிந்த செட்டின் அச்சு தேய்ந்தோ உடைந்தோ போனால் அந்தப் பொம்மையே உலகிலிருந்து போய்விடுகிறது. சிறிய வீடுகளில் படி கட்ட இடமில்லாததால் பெரிய கொலுக்கள் உடன்பிறந்தாரிடையே பிரிக்கப்படுகின்றன. அப்போது செட்கள் உடைகின்றன. மகிஷன் ஒரு வீட்டுக்கும் தேவி ஒரு வீட்டுக்கும் போனால் இரண்டும் கதையை இழக்கும்.

பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் இவ்வட்டார வழக்காறுகளை ஆவணப்படுத்தி வருகிறது. வீட்டளவில் செய்யக்கூடியதும் உண்டு. ஒவ்வொரு பொம்மைக்கும் பெயர், வாங்கிய ஆண்டு, இடம், செய்பொருள், உயரம், வாங்கியவர், உடைந்து ஒட்டிய விவரம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, நான்கு பக்கமும் ஒளிப்படம் எடுத்து வைக்கலாம். திரைப்பட உருவங்களைச் சேர்ப்பவர்கள் இத்தகைய பட்டியலை ஏற்கெனவே கவனமாக வைத்திருக்கின்றனர். அந்தப் பழக்கத்தைக் கொலுப்பெட்டிக்கும் கொண்டுவந்தால், பொம்மைகளோடு அவற்றின் கதைகளும் அடுத்த தலைமுறையின் கைக்குச் சேரும்.